தில்லைப் பால்

பிள்ளைகளை வெளியூர் அழைத்துப் போகும் ஆசிரியருக்கு மனத்துக்குள் ஓர் எண் ஓடிக்கொண்டே இருக்கும். சென்ற பிப்ரவரியில் மூன்று நாள் எனக்கு அந்த எண் 22. பஸ்ஸில் ஏறும்போது 22, புவனகிரியில் தேநீருக்கு இறங்கி ஏறும்போது 22, படகுத்துறையில் உயிர்காப்பு உடுப்பை மாட்டும்போது 22, இரவில் பாய் விரித்துப் படுத்த பிறகு டார்ச் வெளிச்சத்தைத் தரையோடு பிடித்து எண்ணும்போதும் 22. எண்ணி முடித்த உடனேயே மறுபடியும் எண்ணத் தோன்றும். பிள்ளை பெற்றவர்களுக்கு இந்தப் பதைப்பு புதிதில்லை. ஆனால் அடுத்தவர் பெற்ற பிள்ளை என்னும்போது அந்த எண்ணின் கனமே வேறு.

பண்ருட்டிப் பக்கம் ஓர் அரசுப் பெண்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றமான தேசிய பசுமைப் படைக்கும் நான்தான் பொறுப்பு. பள்ளியைச் சுற்றிச் செம்மண்ணும் பலாவும் முந்திரியும். மாவட்டத்தின் பெயரே கடலூர்தான். ஆனாலும் என் வகுப்பில் பாதிப் பேர் கடலைப் பார்த்தது மாசி மகத்தன்று தேவனாம்பட்டினத்தில், கூட்டத்துக்கு நடுவே, பெரியவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு. பிச்சாவரத்தை ஒருத்தியும் பார்த்ததில்லை. அலையாத்திக் காடு என்று பாடத்தில் படிக்கிறார்கள், தேர்வில் எழுதுகிறார்கள், மதிப்பெண் வாங்குகிறார்கள். அதே மாவட்டத்தில் இரண்டு மணி நேரப் பயணத்தில் அந்தக் காடு நிற்கிறது. இது எனக்குப் பல ஆண்டுகளாக உறுத்திக்கொண்டிருந்தது.

பிச்சாவரத்தில் மூன்று நாள் முகாமுக்காக ஒன்பதாம் வகுப்பில் 41 பேருக்கு ஒப்புதல் கடிதம் கொடுத்தேன். கையெழுத்தோடு திரும்பி வந்தவை 22. மற்றவர்களின் வீடுகளுக்கு மாலை நேரங்களில் போய்ப் பார்த்தேன். "பெண் பிள்ளையை இரவு தங்கவா அனுப்புவது?" என்றார் ஓர் அப்பா. "ஆழமான தண்ணீராமே" என்றார் இன்னொருவர். ஒரு பாட்டி, பேத்தி பெரியவளாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை, காற்றுக் கருப்பு அண்டிவிடும் என்றார். அவரிடம் நான் வாதாடவில்லை. பயத்துக்கு ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த பெயரை வைக்கிறார்கள். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: ஆண் பிள்ளைகள் முகாம் போகும்போது இந்தக் கேள்விகளில் ஒன்றுகூட எந்த வீட்டிலும் எழுவதில்லை. பையனுக்குக் காடும் கடலும் அனுபவம். பெண்ணுக்கு அவை ஆபத்து. இந்தக் கணக்கை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

கையெழுத்துப் போட்டவர்களில் ஓர் அம்மாவை அவருடைய வேலையிடத்திலேயே பார்த்தேன். முந்திரிக்கொட்டை உடைக்கும் கொட்டகை. வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து ஓட்டைப் பிளந்து பருப்பை எடுத்துக்கொண்டிருந்தார்கள். கொட்டையின் ஓட்டில் இருக்கும் பால் தோலில் பட்டால் எரிந்து கொப்புளம் கிளம்பும். அதற்காகக் கையில் சாம்பலைப் பூசிக்கொள்வார்கள். அப்படியும் விரல்கள் கருத்துத்தான் போகின்றன. அவர் கையை நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் பேனாவை வாங்கினார். இருந்தும் கடிதத்தின் ஓரத்தில் கரிய விரல்தடம் ஒன்று விழுந்துவிட்டது. கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அங்கே என்னென்ன ஆபத்து டீச்சர்?"

"தண்ணீர்தான் அம்மா. அதற்கு உயிர்காப்பு உடுப்பு இருக்கிறது. வேறு ஒன்றும் இல்லை" என்றேன்.

இந்தப் பதிலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் இன்னும் மறக்கவில்லை.

உடற்கல்வி ஆசிரியையும் தமிழாசிரியையும் உடன் வந்தார்கள். கிள்ளைப் பக்கம் ஒரு கிராமத்தில் தங்கல். முதல் நாள் மதியம் படகு. துடுப்புப் படகுகள் நான்கில் பிள்ளைகளைப் பிரித்து உட்காரவைத்ததும் என் 22 நான்கு துண்டாகிவிட்டது. வாய்க்கால் வளைவுகளில் படகுகள் ஒன்றை ஒன்று நெருங்கும்போதெல்லாம் தலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தேன். வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், இரண்டின் கழிமுகங்களுக்கும் நடுவே பின்னிக் கிடக்கும் உப்பங்கழிகள். இருபுறமும் சுரபுன்னையின் வேர்கள் வில்லாக வளைந்து தண்ணீருக்குள் இறங்குகின்றன. சில இடங்களில் கிளைகள் மேலே கூடி நிழல்கூரை போட்டிருந்தன. உள்ளே நுழைந்ததும் 22 வாய்களும் தாமாகவே மூடிக்கொண்டன. வகுப்பறையில் நான் எத்தனை முறை மேசையைத் தட்டியும் வராத அமைதி அது.

முருங்கைக்காய் போல நீளமாகத் தொங்கியவற்றைப் பார்த்து, "டீச்சர், இது காயா?" என்று ஒருத்தி கேட்டாள். காயல்ல, நாற்று. சுரபுன்னையின் விதை தாய்மரத்தில் இருக்கும்போதே முளைவிட்டு நீண்டுவிடுகிறது. உப்புச் சேற்றில் வெறும் விதையாக விழுந்தால் பிழைப்பது கடினம். வளர்ந்த நாற்றாக விழுந்தால் சேற்றில் குத்தி நிற்கும். இல்லையென்றால் மிதந்துபோய் வேறோர் இடத்தில் ஊன்றிக்கொள்ளும். 'கனிக்குள் விதை முளைத்தல்' என்று கரும்பலகையில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். அன்று எழுத வேண்டியிருக்கவில்லை. கிளையில் தொங்கிய நாற்றை அவள் இரண்டு விரலால் தாங்கிப் பிடித்துப் பார்த்தாள், பிறந்த குழந்தையின் காலைப் பிடிப்பதைப் போல.

கொஞ்சம் தள்ளி வெண்கண்டல். அதைச் சுற்றிச் சேற்றில் பென்சில்களை நட்டுவைத்தது போல மூச்சுவேர்கள் நிமிர்ந்து நின்றன. காற்றில்லாத சேற்றில் அவைதான் மரத்துக்கு மூக்கு. வேரோடு ஏறிவரும் உப்பை இந்த மரம் இலை வழியாக வெளியே தள்ளுகிறது. வெயிலில் பார்த்தால் இலைமேல் பொடிப்பொடியாக மின்னும். படகை ஓரமாக நிறுத்தச் சொல்லி, "நாக்கில் வைத்துப் பாருங்கள்" என்றேன். ஒவ்வொருத்தியும் எட்டி இலையை நக்கிப் பார்த்துவிட்டு, "ஆமாம் டீச்சர், உப்பு!" என்று கூவினாள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். "காடு புத்தகத்தில் இல்லை; தொட்டுப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள், பயப்படாதீர்கள்" என்று நான்கு படகுக்கும் கேட்கும்படி சொன்னேன்.

அன்று இரவு கிராமத்து மகளிர் குழுவினர் சோறும் இறால் குழம்பும் ஆக்கிப் போட்டார்கள். எங்களுக்கு வழிகாட்டியாக வந்திருந்த ஆயா சாப்பாட்டுக்குப் பிறகும் போகாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். இருளர். அறுபது வயதைத் தாண்டியவர். வலையோ படகோ இல்லாமல், மார்பளவுத் தண்ணீரில் நின்று சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்தே குடும்பத்தைக் காப்பாற்றியவர். பிடித்ததைப் போட்டுக்கொள்ள ஒரு பனையோலைப் பறி. இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் அதைப் பல்லில் கவ்விக்கொள்ள வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் செய்தே காட்டினார். 2004 டிசம்பர் 26 சுனாமி பற்றியும் அவரேதான் பேச்சை எடுத்தார். கடலுக்கு நேரே மணல் திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு என்ற ஊர் அன்று அழிந்தது. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் தண்ணீர் வேகம் குறைந்து வந்தது. "எங்களுக்கு முன்னால் இந்தக் காடு நின்றது" என்று கையை அகல விரித்துக் காட்டினார். எதிரே உட்கார்ந்திருந்த 22 பேரில் ஒருத்தியும் அன்று பிறந்திருக்கவில்லை. அலையாத்தி என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் எங்கேயும் கேட்டதில்லை.

முதல் இரவு யாரும் சரியாகத் தூங்கவில்லை. கழிவறைக்கு மூன்று மூன்று பேராகத்தான் போக வேண்டும் என்பது ஏற்பாடு. இரண்டு மணிக்கு எங்கோ நரி ஊளையிட்டது. ஒருத்தி என் பாய்க்கு அருகே தன் பாயை மெல்ல இழுத்துப் போட்டுக்கொண்டாள். தொடர்ந்து இன்னொருத்தி. விடியும்போது என்னைச் சுற்றி ஏழு பாய்கள்.

இரண்டாம் நாள் காலை கரைமேல் நடை. மீன்முள் வாய்க்கால்களைக் காட்டுவதற்காக அழைத்துப் போனேன். ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி 1970-கள் வரை இந்தக் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டினார்கள். நிழல் போனதும் வெயில் நேராகச் சேற்றைக் காய்ச்சியது. ஈரம் வற்றிய சேறு தாழ்ந்து தட்டு போலக் குழிந்தது. ஓதம் ஏறும்போது உள்ளே வந்த தண்ணீர் இறங்கும்போது வெளியேற வழியில்லாமல் தேங்கி, ஆவியாகி, உப்பை மட்டும் விட்டுச் சென்றது. அலையாத்தி மரமே தாங்கமுடியாத உப்பு. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களோடு சேர்ந்து அங்கே வாய்க்கால் வெட்டின: நடுவே ஒரு பெரிய வாய்க்கால், இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள்தான். ஓதம் தடையில்லாமல் வந்துபோய் உப்பைக் கழுவியது. அதன்பிறகு நட்ட கன்றுகள் பிழைத்தன. 2022-இல் பிச்சாவரம், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்ததைப் பிள்ளைகள் பொது அறிவுக் கேள்வியாகப் படித்திருந்தார்கள். மண்ணைத் தோண்டிய கைகள் அதற்குப் பின்னால் இருப்பதைத் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் அவ்வளவு தூரம் நடத்திக் கூட்டிப்போனேன்.

வாய்க்கால்களை ஒட்டி, மேடான பக்கத்தில், பச்சைக்கு நடுவே சில இலைகள் மட்டும் செக்கச் செவேலென்று இருந்தன. அழகான மரம். நான் ஆயாவோடு பேசிக்கொண்டு முன்னால் போய்விட்டேன். முந்திரிக் கொட்டகை அம்மாவின் மகள் பின்தங்கி நின்று, நோட்டில் ஒட்டுவதற்காகச் சிவந்த இலை ஒன்றைக் காம்போடு ஒடித்திருக்கிறாள். காம்பிலிருந்து வெள்ளையாகப் பால் வடிந்து விரலில் பட்டது. நெற்றி வியர்வையைத் துடைத்தவள் அப்படியே வலது கண்ணையும் கசக்கிவிட்டாள்.

அலறல் கேட்டுத் திரும்பினேன். எனக்கு முன் ஆயா ஓடினார். "கசக்காதே கண்ணு, கசக்காதே! தில்லைப் பால்!"

தில்லை. சிதம்பரத்தின் பழம்பெயர். நடராசர் கோயிலின் தலமரம். அந்த ஊரே ஒரு காலத்தில் தில்லைவனம் என்று எத்தனை முறை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அதன் பால் கண்ணைக் கெடுக்கும் என்பதையும் எங்கோ ஒரு வரியில் படித்திருக்கிறேன். ஆனால் அந்த மரம் எதிரே நின்றபோது, அதன் இலை சிவந்து கூப்பிட்டபோது, இதுதான் தில்லை என்று எனக்குத் தெரியவில்லை. பத்தொன்பது ஆண்டுகள் பாடம் நடத்தியவளுக்குப் பெயர் தெரிந்திருந்தது, மரம் தெரிந்திருக்கவில்லை. போதாக்குறைக்கு முந்தின நாள்தான் தொட்டுப் பாருங்கள், பயப்படாதீர்கள் என்று சொல்லி வைத்திருந்தேன். அந்தப் பிள்ளை என் சொல்லைத்தான் கேட்டிருக்கிறாள்.

ஆயா அவளை மண்ணில் உட்காரவைத்துத் தலையை வலப்பக்கம் சாய்த்தார். தோளில் இருந்த பாட்டிலைத் திறந்து கண்ணின் உள்மூலையிலிருந்து வெளியே வழியும்படி மெல்ல ஊற்றினார். அது தீர்ந்தது. அடுத்து என்னுடையது. அதுவும் தீர்ந்தது. நிமிர்ந்து பார்த்தால், யாரும் சொல்லாமலே பிள்ளைகள் வரிசையாக நின்று தங்கள் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்து தயாராக வைத்திருந்தார்கள். ஒன்று காலியானதும் அடுத்தது கைக்கு வந்தது. முழுதாக இருபது நிமிடம். உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்த வெயிலில் தங்களுக்கென்று ஒருத்தியும் ஒரு மடக்கு வைத்துக்கொள்ளவில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர் மறுபடியும் கழுவிவிட்டார். மருத்துவர் பார்த்து, கருவிழியில் காயம் இல்லை, வீக்கம் வடியும் என்று சொல்லிச் சொட்டு மருந்து கொடுத்தார். உடனே கழுவியதுதான் காப்பாற்றியது என்றார். அந்த வார்த்தையைக் கேட்ட பிறகுதான் என் கால்கள் நடுங்குவதை உணர்ந்தேன்.

இனிச் செய்ய வேண்டியது ஒன்றுதான். கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றேன். பிறகு அழைத்தேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன். மறுமுனையில் சத்தமே இல்லை. பிறகு கேள்விகள் மட்டும் வந்தன.

"எந்தக் கண்?"

"வலது."

"தேய்த்தாளா?"

"தேய்த்துவிட்டாள் அம்மா."

"தண்ணீர் ஊற்றினீர்களா, எண்ணெய் ஏதாவது விட்டீர்களா?"

"தண்ணீர் மட்டும்தான். இருபது நிமிடம் ஊற்றினோம்."

"அப்படியென்றால் ஆறிவிடும். கொட்டைப் பால் தெறித்து எனக்கு இரண்டு தடவை ஆகியிருக்கிறது." கொஞ்ச நேரம் மௌனம். பிறகு, கோபமில்லாமல், "நான்தான் அன்றைக்கே கேட்டேனே டீச்சர், என்னென்ன ஆபத்து என்று. நீங்கள் தண்ணீரைச் சொன்னீர்கள். மரத்தைச் சொல்லவில்லையே" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. மன்னிப்புக் கேட்டேன். இரவோடு இரவாக எல்லோரையும் ஊருக்கு அழைத்து வந்துவிடுகிறேன் என்றும் சொன்னேன். உடற்கல்வி ஆசிரியையும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மா மறுத்துவிட்டார். "ஒருத்திக்குக் கண் எரிந்தது என்பதற்காக மற்ற பிள்ளைகளைப் பாதியில் கூட்டி வருவானேன்? நாளைக்கு நான் வருகிறேன். அவளை மட்டும் தனியாகப் படுக்கவிடாதீர்கள்." அன்று இரவு அவள் தலை என் மடியில் இருந்தது. அன்றைக்கு எண்ணவே தோன்றவில்லை. எல்லாப் பாய்களும் எங்களைச் சுற்றித்தான் கிடந்தன.

மறுநாள் பத்தரை மணிக்கு வந்து இறங்கினார். ஒரு நாள் கூலி போயிருக்கும். கையில் தூக்கு நிறைய இட்லி. நேராக மகளிடம் போய் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். வீங்கிய இமையை அவர் விரலால் தொடவில்லை. மணிக்கட்டைத் திருப்பி, அதன் உள்பக்கத்தால் மெல்ல மேலே தள்ளிக் கண்ணைப் பார்த்தார். விரலில் எப்போதும் கொஞ்சம் பால் ஒட்டியிருக்கும் என்ற எண்ணம் உடம்பில் ஊறிப்போனவர்களின் பழக்கம் அது. நான் செய்திருந்தால் விரலைத்தான் வைத்திருப்பேன்.

பிறகு மரத்தைப் பார்க்க வேண்டும் என்றார். ஆயா கூட்டிப்போனார்; பிள்ளைகளும் நானும் பின்னால் போனோம். தில்லையிலிருந்து இரண்டு முழம் தள்ளி நின்று ஆயா ஒரு குச்சியால் இலையைத் தாழ்த்திக் காட்டினார். இந்தப் பக்கத்தில் விறகுக்குக்கூட இதை லேசில் தொடமாட்டார்கள், வெட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் வெட்டுவார்கள் என்றார். "முந்திரியும் இப்படித்தான்" என்று அந்த அம்மா தன் கைகளை நீட்டினார். ஆயாவும் நீட்டினார். ஒரு ஜோடி நகக்கண் வரை கருத்தது. மற்றது உப்புச் சேற்றில் வெளுத்து வெடித்து, இறால் முள்ளும் நண்டுக் கடியும் ஏறி ஆறிய தழும்புகள் நிறைந்தது. எங்கே எது குத்தியது, எதற்கு என்ன பூசினோம் என்று இருவரும் ஒருவர் கையை ஒருவர் புரட்டிப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தார்கள். பிள்ளைகள் சுற்றி நின்று கேட்டார்கள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. எனக்கும் கேட்டுக்கொண்டு நிற்பதே போதுமாக இருந்தது.

மதியம் கடைசிப் படகுச் சவாரி. அந்த அம்மாவுக்கும் ஓர் உயிர்காப்பு உடுப்பு மாட்டினோம். என் எண் 23 ஆனது. முப்பத்தாறு வயதில் முதல் தடவையாக அவர் படகில் ஏறினார். கண்ணில் துணி கட்டியிருந்த மகள்தான் அவருக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள்: இது மூச்சுவேர், இது நாற்று, இந்த இலையை நக்கலாம், அதை நக்கக்கூடாது.

அந்தக் கண் மறுநாளே திறந்துகொண்டது. சிதம்பரத்தில் கண் மருத்துவரிடம் இரண்டு தடவை காட்டினோம். பார்வையில் ஒரு குறையும் இல்லை.

ஊருக்கு வந்த பிறகு, இனி இந்த வம்பெல்லாம் வேண்டாம் என்று எனக்கு நெருக்கமானவர்களே சொன்னார்கள். நாளைக்கு ஏதாவது ஆனால் உன் வேலை போகும் என்றார்கள். பயம் எனக்கும் இருக்கிறது. ஆனால் கூட்டிப்போகாமல் இருந்தால் அந்தப் பிள்ளைகள் பத்திரமாக இருப்பார்கள் என்பதை நான் நம்பவில்லை. ஒன்றும் தெரியாமல் இருப்பார்கள், அவ்வளவுதான். நான் செய்த பிழை அழைத்துப் போனதல்ல. தெரிந்தவர்களைக் கேட்காமல், எனக்குத் தெரிந்த அளவோடு "வேறு ஒன்றும் இல்லை" என்று சொன்னதுதான்.

இந்த ஆண்டுக் கடிதம் போன வாரம் வீடுகளுக்குப் போனது. ஆபத்துகள் என்ற தலைப்பில் தண்ணீர், சேறு, வெயில், தில்லை என்று நான்கையும் எழுதி, தில்லை இலையின் படத்தையும் வரைந்திருக்கிறேன். கீழே ஒரு வரி புதிதாகச் சேர்த்தேன்: விருப்பமுள்ள தாய்மார்கள் உடன் வரலாம். இதுவரை 34 பிள்ளைகளுக்குக் கையெழுத்து வந்திருக்கிறது. தாய்மார்கள் ஏழு பேர். மகள் பத்தாம் வகுப்புக்குப் போய்விட்டதால் அவளால் வரமுடியாது என்றாலும், முந்திரிக் கொட்டகை அம்மா தன் பெயரைக் கொடுத்திருக்கிறார். காற்றுக் கருப்புக்குப் பயந்த பாட்டியின் வீட்டிலிருந்து, இளைய பேத்திக்கான கடிதம் இன்னும் வரவில்லை. நாளை மாலை அங்கே போகிறேன்.

முதல் நாள் படகு ஏறுவதற்கு முன்பே பிள்ளைகளுக்குத் தில்லையைக் காட்டிவிட வேண்டும். எந்த நேரத்தில் வரலாம் என்று ஆயாவுக்கு நேற்று போன் செய்தேன். ஓதம் பார்த்துச் சொல்கிறேன் என்றார்.